புதுப்பிப்பு மாதம்

மார்ச் கடைசி. குன்னூர் கிளையில்
ஹீட்டர் என் இடது காலை மட்டும் சுடுகிறது.

ஹால கவுடரின் தேயிலை ஃபேக்டரி போய்விட்டது.
ஆயிரத்துக்கு நாற்பது பைசா குறைத்தானாம்
பதினான்கு கொண்டை ஊசியிலும் வாந்தியெடுத்து
டையைத் துடைத்துக்கொண்டு வந்த கோயம்புத்தூர்ப் பையன்.
ரோலரில் செபமாலை விட்ட இரண்டு விரல்கள்
இன்னும் என் கோப்பில்தான்.
அவற்றை அவன் கேட்கவில்லை.

காளான் பண்ணைகள் மூன்று சேர்ந்தன.
கேத்தியில் காரட் கழுவுகிறவர்கள்
"காட்டெருமை முட்டினா வருமா சார்?" என்கிறார்கள்.
வேலை நேரத்தில் முட்டினால் வரும்.
"அதுக்கு யாரு மணி சொல்றது?"

ரிசார்ட்டுக்காரர் மலையைச் செங்குத்தாக வெட்டுகிறார்.
பிரீமியம், போன ஃபேக்டரியைப் போல மூன்று மடங்கு.
மேலதிகாரி போனில் சிரித்தார்,
இந்த வருடத்தில் முதல் தடவை.

'ஆட்கள்' என்ற கட்டத்தில்
பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார் உரிமையாளர்.
செம்மண் சுவருக்குக் கீழே
டீ டம்ளரோடு குந்தியிருந்த தலைகளை
நின்றபடி எண்ணினேன்.
முப்பத்தொன்று வரை வந்தேன்,
பனி இறங்கிவிட்டது.

காசோலையில் தேதி சரியா என்று மட்டும்
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.