பேட்டரித் தண்ணீர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
பித்தளை அண்டாவுக்கு அடியிலிருந்து
ஒன்பது இசைத்தட்டு வாங்கினேன்.
ஒன்றின் உறையில் பினாங்குக் கடை முத்திரை.

பேட்டரித் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு.
நைந்த கண்டாங்கித் துண்டால்
வரி ஓடும் வழியே துடைக்க வேண்டும்,
குறுக்கே கூடாது.
சித்திரையில் மொட்டைமாடி அறையில் விட்டால்
அப்பளமாகிவிடும்;
வெள்ளைக்கரு பூசிய சுவரோரம்
நிற்க வைத்திருக்கிறேன்.

ஏழாவது தட்டில் கீறல்.
வயலின் ஏறும் இடத்தில் ஊசி மாட்டி
அதே அரை வரி, அதே அரை வரி.
சுவருக்கு அப்பால் கண்ணாத்தாள்
கிரைண்டரை நிறுத்தாமலே
"தட்டி விடுங்க" என்பாள்.

நேற்று லென்ஸில் பார்த்தேன்:
கீறலே இல்லை, ஒரு துளி மெழுகு.
பல்குச்சியால் எடுத்தேன்.
ஊசி கடந்து போனது.

கிரைண்டர் நின்றது.
"அவ்வளவுதானா?" என்றாள்.