வேறு வைத்தது

விசுவாவசு, ஆடி இருபத்தைந்து, திங்கள்.
பள்ளத்தூர் வீட்டு முகப்பறையில்
ஐந்தொகை கூட்டிக்கொண்டிருந்தேன்.
மூவார்க் கடை, சிங்கப்பூர்க் கிட்டங்கி,
இரண்டுக்கும் ஒரே பேரேடு, ஒரே விலாசம்.

ராத்திரி ரேடியோவில் சொன்னார்கள்,
சிங்கப்பூர் இனித் தனி நாடென்று.
போனதா, போகச் சொன்னதா
என்று கேட்டாள் இளைய ஆச்சி உமையாள்.
வாசித்தவர் இரண்டு விதமாகவும் சொல்லிவிட்டு
வீணைக் கச்சேரிக்குப் போய்விட்டார்.

புதனன்று மூவாரிலிருந்து நாச்சியப்பன் தந்தி:
கணக்கைப் பிரிக்கவும்.

பிரித்தேன்.
ரப்பர்த் தோட்டம் அந்தப் பக்கம்,
மார்க்கெட் தெரு அடமானங்கள் இந்தப் பக்கம்.
வெள்ளி இன்னும் ஒரே வெள்ளிதான்,
அந்தமட்டில் லாபம்.
ஒரு சைக்கிள்தான் இடித்தது.
வாங்கியது தீவில், ஓடுவது மூவாரில்,
டயர் மாற்றிய செலவு இரண்டிலும் இருக்கிறது.
அதற்கே முக்கால் மணி நேரம்.

வியாழனன்று வந்தது தம்பி பெரியணன் தந்தி,
செவ்வாயே அடித்தது:
அண்ணன் சொல்லாமல் பிரிக்க வேண்டாம்.

இந்த வீட்டில் வேறு வைக்க ஒரு முறை உண்டு.
கல்யாணம் முடிந்து நாள் பார்த்து
ரெண்டாங்கட்டில் தனி அடுப்பு.
பானை, அகப்பை, வருஷத்துக்கு அரிசி,
நல்லெண்ணெய் எத்தனை படி, விறகு எத்தனை வண்டி,
எழுதிய கை என் கைதான்.
உமையாளின் புது அடுப்புக்கு
மூத்தவள் சிட்டாள் தன் அடுப்பிலிருந்து
நெருப்பெடுத்துக் கொடுத்தாள்.
மறுநாளே புளிக்குச் சண்டை.

"அந்தத் தீவுக்கு என்ன குடுத்தாகளாம்?"
என்றாள் சிட்டாள்.
தண்ணீர் ஆச்சி, என்றேன்.
ஜொகூரிலிருந்து பாலத்தோடு ஒரு குழாய் போகிறது.
"அப்பக் கிணறு பொதுதான்"
என்று வளவில் காயும் மோர்மிளகாயைத்
திருப்பிப் போடப் போனாள்.

உமையாள் போகவில்லை.
அண்ணன் கடைக்குத் தம்பி போக
இனிமே கடுதாசி காட்டணுமா?
தெரியாது ஆச்சி.
பாலத்து நடுவில் நின்னா எந்த ஊரு?

அதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு
என் சம்பளம் மிச்சம் நின்றது.
மாதம் நூற்றிருபது,
பாதி அண்ணன் பற்று, பாதி தம்பி பற்று.
புது ஏடு இரண்டையும் விரித்து வைத்து
மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பழைய ஏட்டின் கடைசித் தாளில்
பென்சிலால் எழுதினேன்:
கணக்கப்பிள்ளை அம்பலவாணன்.

அதற்குக் கீழே
சைக்கிள், ஒன்று.