பத்திரம்

செவ்வாய் இரவு பதினொன்றுக்கு
விளக்கணைத்த காருக்குள் உட்கார்ந்து
இன்னும் எங்களுடையதாகாத தெருவை
வேவு பார்த்தோம்.
பகலில் எந்தத் தெருவும் நல்ல பிள்ளைதான்,
ராத்திரி வந்து பார்க்கணும் என்பான் டெலானோ.
ஒரு முயல். தூரத்தில் சரக்கு ரயில்.
பதினேழு வாசல்களில் பதினொன்றில் கேமரா.
"கிளம்பு" என்றேன். "அதிலெல்லாம்
நாம் எப்படித் தெரிவோம் என்று யோசித்தாயா?"
சிரித்தான்.
சாவியைத் திருகும்போது சிரிப்பு இல்லை.

மினியாபொலிஸுக்கு மேற்கே அரைமணி நேரம்.
மூன்று படுக்கையறை. நிலவறைச் சுவரில் ஈரக்கோடு இல்லை,
குனிந்து முகர்ந்தும் பார்த்துவிட்டேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.
எந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது என்று
தாளில் போடவில்லை.

தரகர் கிறிஸ்டா ஹால்வர்சன் நல்ல மனுஷி.
கூரைக்கு வயது ஆறு என்பாள்,
கொதிகலன் இருமுவதைக்கூட மறைக்கமாட்டாள்.
"இங்கே யார் யார் குடியிருக்கிறார்கள்?" என்றதும்
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"அதை நான் சொல்லக்கூடாது. சட்டம்.
நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்."
எங்களைக் காக்கப் போட்ட சட்டம்தான்.
அதனால்தான் இந்த வேவு.

வெள்ளி காலை ஏழு நாற்பது, பள்ளிப் பேருந்து நிறுத்தம்.
இரவுப் பணி முடித்த நர்ஸ் உடுப்போடு
எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி
காப்பி ஆறும்வரை எண்ணினேன்.
பதினான்கு பிள்ளைகள்.
எங்கள் ஜுனெல்லின் நிறத்தில் ஒருத்தி,
ஊதாத் தொப்பி, ஷூ நாடா அவிழ்ந்து கிடந்தது.
இரண்டு என்று சொல்லிக்கொண்டேன்.
ஜுனெல்லையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்பது
வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.
முடிவு அங்கேயே ஆகிவிட்டது.
சமையலறை ஜன்னல் பிடித்துப்போனது என்றுதான்
டெலானோவிடம் இன்றுவரை சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்து நாளில்
பழைய ஆவணக் கட்டு, பதினொன்றாம் பக்கம்,
மங்கிய தட்டச்சில் ஒரு பத்தி.
ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.
வெள்ளையரல்லாத எவரும் இம்மனையை
வாங்கவோ, இதில் வசிக்கவோ கூடாது,
உடனுறையும் வேலையாட்கள் நீங்கலாக.

"செல்லாது" என்றார் வழக்கறிஞர்.
"செத்த எழுத்து. இந்தப் பக்கத்து மனைகளில் நிறைய இருக்கும்,
தாண்டிப் போங்கள்."
தாண்டித்தான் போனோம், பழக்கம்தானே.
ஆனால் அந்த 'நீங்கலாக'
பன்னிரண்டாம் பக்கத்துக்கும் கூடவே வந்தது.
எழுதியவன் எங்களுக்கென்று
ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறான்.
பின்கதவு.
டெலானோ கையெழுத்துப் போட்ட அழுத்தத்தில்
அடியிலிருந்த இரண்டு தாள்களில் தழும்பு.

இந்தக் காகிதத்துக்குப் பத்திரம் என்று
பெயர் வைத்தது யாரோ.
தினம் காலையில் பிள்ளையை அனுப்பும்போது
நான் சொல்வதும் அதே சொல்.

நவம்பர். முதல் பெரும்பனி.
பக்கத்து வீட்டு டெங்ஸ்ட்ரோம்
இருட்டிலேயே எந்திரத்தோடு இறங்கிவிட்டார்.
நடைபாதை நெடுக உறுமி வந்தது
எல்லைக்கல்லுக்கு நேரே நின்று திரும்பிப் போனது.
கத்தி வைத்து நறுக்கியதுபோல் ஒரு வெள்ளைச் சுவர்.
முறைதானே, அவரவர் பனி அவரவருக்கு.

அடுத்த பனிக்கு டெலானோ முந்திக்கொண்டான்.
எங்கள் பக்கம் முடிந்தது. கல் வந்தது.
அவன் நிற்கவில்லை.
நாலடி, ஆறடி, அவர் வாசல் விளக்குவரை
குனிந்து வாரிக்கொண்டே போகிறான்.
"வேண்டாம்" என்றேன், கண்ணாடிக்குள்ளிருந்து.
அந்தத் திரை ஒரு விரலளவு விலகியது.
குனிந்த முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரியும்.
அண்டை வீட்டுக்காரன் என்று பார்க்கிறாரா,
கூலிக்கு வந்த ஆள் என்றா?

மறுபடி தூவ ஆரம்பித்துவிட்டது.
பேருந்து வர ஐந்து நிமிடம்.
ஜுனெல்லின் ஒரு பூட்ஸைக் காணோம்.