நிறுத்தும் நேரம்

சுவரளவு தாளில் போரைக் கட்டம் போட்டிருந்தார்கள்.
மேலே மணி. இடப்பக்கம் பீரங்கி,
பாலம் அமைப்போர், டீசல், காயம்பட்டோர் வண்டி.
கடைசி வரிசை பென்சிலில்:
வதந்தி.

அது என்னுடையது.
வோரு நகர வானொலியில் வானிலை வாசிப்பவள் நான்.
நாளை பனி என்றால் ஊரே டயர் மாற்றும்.
அந்தக் குரலுக்காகத்தான் ஒத்திகைக்கு அழைத்தார்கள்.
சீருடை, தோளில் இரண்டு விரல் பெரிசு.

மேஜர் ஏவால்ட் பிர்ன் கேட்டார்:
"ஒரு பொய் ஊற எவ்வளவு நேரம்?"
ரை மாவு புளிக்கும் நேரத்தைக் கேட்பதுபோல.
ஆறு மணி, என்றேன்.
இரவு பெட்ரோல் பங்கு, விடிந்ததும் பள்ளிப் பேருந்து,
அப்புறம் அதற்கு நான் தேவையில்லை.

ஆக, குண்டு விழுவது ஒன்பது நாற்பது.
சொல் விழ வேண்டியது மூன்று நாற்பது.
பாலத்தை நம்பாத எதிரி வடக்கே திரும்புவான்,
நாம் காத்திருக்கும் காட்டுப் பாதைக்கு.
வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது.

"தூணில் விரிசல்" என்று முதலில் எழுதி அடித்தேன்.
அது அதிகாரி பேச்சு.
எங்கள் எல்லைப்புறத்தில் பழுதான பாலம் முனகும்.
சொன்னவர் யாரென்று காட்டாத ஒரு விகுதி
எங்கள் மொழியில் உண்டு.
அதை வினையின் வாலில் மாட்டினேன்:
பாலம் முனகுதாம்.
கைரேகை இல்லாத வாக்கியம்.

பீரங்கி வரிசை பத்தேகாலுக்கு முடிந்தது:
சுடுவதை நிறுத்து.
என் வரிசையின் கோடு
தாளின் ஓரம்வரை போய்
சுவரில் ஏறாத குறை.
இதற்கு நிறுத்தும் நேரம்? என்றேன்.
மேஜர் காப்பியைக் கலக்கினார்,
சர்க்கரை போடாத காப்பியை.
"ஒத்திகைதானே."

பீரங்கி வாயை மூட ஒரு சொல் போதும்.
ஊர் வாயை?

எதிரியாக நடித்த நாற்பது பேருக்கு மட்டும்தான் சொன்னோம்.
அதில் ஒருவன்
இரவு வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான்.

மூன்று வாரம் ஆயிற்று. கூடாரம் போனது,
சீருடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
வானிலை முடிந்ததும் தினமும் வாசிக்கிறேன்:
பாலம் திடமாக இருக்கிறது, பாலம் திடமாக இருக்கிறது.

பால் லாரி ஓட்டும் ஹில்லார்
பதினோரு கிலோமீட்டர் சுற்றித்தான் வருகிறான்.
இன்று கடை வாசலில் என்னைப் பார்த்து
ஜன்னலை இறக்கினான்.
கரிசனமாக, குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பக்கம் போகாதே" என்றான்,
"பாலம் முனகுதாம்."