வடிவாப் பார்

மகன் விரலால் தள்ளிவிடுகிற இடங்கள்தான்
எனக்குப் பிடித்திருக்கின்றன.

பனிக்கன்குளத்தில் இரவு எட்டரை.
நுளம்புத்திரி பாதி எரிந்து சுருண்டு கிடக்கிறது.
சாருஜனுக்கு வாள் வேண்டும்,
பறந்து பறந்து அடிக்கிற பெடியன் வேண்டும்.
அனிமே என்கிறான். கார்ட்டூன் என்று நான் சொன்னால் கோபம் வரும்.
இடையில் ஒருத்தி கேத்திலை அடுப்பில் வைத்தால் போதும்,
கீறல் விழுந்த கண்ணாடியில் அவன் பெருவிரல் வழுக்கும்:
பத்துச் செக்கன், இன்னொரு பத்துச் செக்கன்.

"திருப்பி விடு."
"உதில ஒண்டும் நடக்கேல்லை அம்மா."
"தெரியும். திருப்பி விடு."

கேத்தில் மூடி நடுங்குகிறது.
ஆவி போய் ஜன்னலில் படிகிறது.
அவள் ஒரு முட்டையை உடைக்கிறாள்.
வெள்ளைக்கரு ஓரத்தில் இருந்துதான் வெள்ளையாகிறது,
மெல்ல, உள்நோக்கி.
ஆரோ ஒரு ஆள் கதிரையில் இருந்து இதைக் கீறியிருக்கிறான்.
ஒரு முட்டை பொரிய எத்தனை படம் கீற வேண்டும்?
அதற்குச் சம்பளம் கொடுத்தார்களா, இல்லை
உதில ஒண்டும் நடக்கேல்லை என்று ஏசினார்களா?

பேசுகிற மொழி விளங்காது.
கீழே ஓடுகிற இங்கிலீசு நான் எழுத்துக் கூட்டுமுன் ஓடிவிடும்.
தாவாரத்தில் மழை சொட்டுகிறபோது
இரண்டும் தேவைப்படவில்லை.

அந்தப் படங்களில் புல்லுக்குக் கீழே ஒன்றும் இல்லை.
அதுதான் அவ்வளவு பச்சையோ என்று நினைத்தேன்.
பிறகு சாருஜன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் காட்டினான்.
அங்கேயும் விழுந்ததாம்.

காலையில் நான் கொக்காவில் காட்டுக்கரையில்
முழந்தாளில் நிற்கிறேன்.
ஒரு மீற்றர் அகலம் எனக்கு.
முகத்துக்குக் கண்ணாடித் தட்டு, நெஞ்சுக்குப் பாரம்,
கண்ணுக்குள் இறங்கும் வியர்வையைத் துடைக்க ஏலாது.
புல்லைப் பிடிபிடியாய் வெட்ட வேண்டும்,
கருவியை மண்ணோடு ஒட்டி அசைக்க வேண்டும்,
சிணுங்கினால் தள்ளி இருந்து கிண்டிக் கிண்டி வர வேண்டும்.
சேர்ந்த நாளில் மேற்பார்வையாளர் சொன்னது
இரண்டே சொல்:
வடிவாப் பார்.

எட்டு வருசம் வடிவாப் பார்த்தேன்.
பச்சைப் பிளாஸ்டிக் விளிம்பு. கறள் கம்பி. சோடா மூடி.
ஒருமுறை, கொலுசின் கொளுக்கி மட்டும்.
இந்த மண்ணை என்னளவு கிட்டத்தில்
ஆரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
வடிவைத்தான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, முதல் மழைக்கு மறுநாள்,
கருவி சிணுங்கவில்லை. சுத்தம்.
தடியை முன்னால் நகர்த்தலாம்.
நகர்த்தவில்லை.

பாலைச் சருகொன்றின் அடியில் இருந்து
தம்பலப்பூச்சி ஒன்று வந்தது.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு நடுவே அதுவும் சிவப்பு.
எனக்குச் சிவப்பென்றால் நில்.
நின்றேன்.
அது மண்கட்டியில் ஏறி, சறுக்கி,
மயிர்க்கால்களைக் கொஞ்சம் யோசிக்கவிட்டு, திரும்ப ஏறியது.
பத்துச் செக்கன்.
இன்னொரு பத்துச் செக்கன்.
பக்கத்துப் பாதையில் இருந்து யசோதினி
கையை உயர்த்தினாள்: ஏதும் அம்பிட்டதோ?
எப்படிச் சொல்வது,
அதற்கு எங்களிடம் சைகை இல்லை.

விசில் ஊதியதும், பிளேன்ரீக்குள் சீனி கரையுமுன் சொன்னேன்.
சிரித்தாள். விசர் என்றாள்.
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து,
"என்னையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள்.

இன்று ஞாயிறு. கரண்ட் இல்லை. போனும் செத்துவிட்டது.
தாச்சியில் முட்டையை உடைத்து ஊற்றுகிறேன்.
"எவ்வளவு நேரம் அம்மா?"
அவன் பெருவிரல் பழக்கத்தில்
மேசை விளிம்பைத் தள்ளுகிறது,
தள்ளுகிறது.
முட்டை கேட்கவில்லை.
ஓரம் மட்டும்
வெளுத்துக்கொண்டு வருகிறது.