சொல்தா

செந்தெனி ஆள்சேர்ப்பு அலுவலகத்தில்
வெப்பமூட்டி பழுது.
மேலங்கியைக் கழற்றாமல் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
சுவரொட்டியில் பாராசூட்டோடு இறங்குகிறவனுக்கு மட்டும்
நல்ல வெயில்.

என் முறை.
சார்ஜன்ட் என் பெயரை இரண்டு விரலால் தட்டுகிறார்.
"எஜிலராசி?"
ஆமாம் என்கிறேன்.
புதுச்சேரியில் என்றைக்கோ ஒரு குமாஸ்தா
ழகரத்துக்கு ஜே என்று முடிவுகட்டிவிட்டுச்
சாப்பிடப் போய்விட்டார்.
அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துப் பாஸ்போர்ட் எதிலும்
நாக்கு மடிவதில்லை.

"ஒன்றும் இல்லை" என்கிறார் திரையைப் பார்த்து.
நான் கொண்டுவந்த சான்றிதழும் அதைத்தான் சொல்கிறது:
வெற்றுத்தாள், மூலைக்கு மூலை ஒரு கோடு.
இல்லை என்பதற்கும் இங்கே கோடு போடுகிறார்கள்,
பிறகு யாரும் எதையும் எழுதிவிடக் கூடாதென்று.

இருக்கிறது.
பதினெட்டு வயது. கார்ஜ் ரயிலடி.
மொர்கான் ஓட்டிய ஸ்கூட்டர், பின்னிருக்கையில் நான்.
சாவித்துவாரத்தில் ஸ்க்ரூடிரைவர்.
தெரியாது என்றேன் போலீசிடம்.
தெரியும்.
விளக்கு சுழலுவதைப் பார்த்ததும் அதைப் பிடுங்கி
அவன் என் பைக்குள்தான் போட்டான்,
நான்தான் பையைத் திறந்து பிடித்தேன்.
முந்நூறு யூரோ. ஆறு தவணை.
அப்பாவுக்குத் தெரியாமல் நான்கு,
தெரிந்தபின் இரண்டு.

அன்றிரவு அடையாள அட்டை கையில் இல்லை.
நான் வாயால் சொன்ன பெயரை
அந்தப் போலீஸ்காரர் காதால் எழுதினார்:
எலிலராசி.
ஆக நாங்கள் இரண்டு பேர்.
ஒருத்தி மேல் ஒரு கோப்பு. ஒருத்தி கையில் ஒரு விண்ணப்பம்.
நடுவில் ஒற்றை ழகரம் நின்று
இருவரையும் பார்க்கவிடாமல் மறைக்கிறது.

கேள்வி பன்னிரண்டு.
போலீஸ் உங்களை எப்போதாவது விசாரித்ததுண்டா?
இரண்டு கட்டங்கள், என் நகத்தைவிடச் சிறியவை.

"கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லு" என்றான் தம்பி.
"எதுக்குடி உனக்கு இதெல்லாம்,
மருந்துக்கடையில ஆள் கேக்கறாங்க" அம்மா.
கடற்படையில் இருக்கும் சமீரா மட்டும் தொலைபேசியில்
ஏதோ மெல்லிக்கொண்டே சொன்னாள்:
"ஸ்கூட்டருக்காக யாரையும் துரத்த மாட்டாங்க.
பொய்க்காகத் துரத்துவாங்க."

தவிர,
விரல்ரேகையில் எழுத்துப்பிழை வராது.
இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் மை தொடச் சொல்வார்கள்.
என் நேர்மையில் இந்தக் கணக்கும் சேர்த்தி,
எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா ராணுவவீரன் என்று சொல்லமாட்டார்.
சொல்தா என்பார்.
அது பிரெஞ்சு என்று
இங்கே பள்ளியில் சேரும்வரை எனக்குத் தெரியாது.
சொல், தா
என்று பிரித்து வைத்திருந்தேன்.
யாரோ கேட்கிறார்கள், இவன் கொடுக்க வேண்டும்.
அவருடைய பாட்டனார் சேர்ந்தபோது
பல்லை எண்ணினார்களாம், பாதத்தைத் தட்டிப் பார்த்தார்களாம்.
கேள்வி என்று ஒன்றும் இல்லை.

"மன்னிக்கணும்" என்கிறேன்.
"ஜேயை எடுத்துவிட்டு
எல் போட்டுத் தேடிப் பாருங்கள்."

தேடுகிறார்.
யாரோ வெப்பமூட்டியை உதைக்கும் சத்தம்.
நெடுநேரம்.
"ஸ்கூட்டரா?"
"பின்னிருக்கை."
சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா, தெரியவில்லை.
மஞ்சள் தாளில் ஒரு முகவரி எழுதுகிறார்:
அரசு வழக்கறிஞர், பொந்த்வாஸ்.
அழிக்கச் சொல்லிக் கடிதம் போடு.
ஆறு மாதம் ஆகும், கூடவும் ஆகலாம்.
அதற்குள் ஓடிப் பழகு.

ஐந்தாம் எண் டிராமில், சர்செல் பக்கம்,
முழங்கால்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டு வருகிறேன்.
மாண்புமிகு ஐயா,
என்று தொடங்கி நேராகத்தான் போகிறது.
கீழே பெயர் எழுதும் இடத்தில் பேனா நிற்கிறது.
எல்லா, ஜேயா,
இருவரில் யார் மன்னிப்புக் கேட்பது?

எதிர் இருக்கைக்காரர் இறங்க வேண்டும்.
முழங்காலை ஒதுக்குகிறேன்.