கண்ணாடி மட்டும்

செந்தூல் பசாருக்குப் பின்தெருவில்
டயர்க்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே
பத்தடி அகலம் என் கடை.
விலைப்பட்டியல் மாட்டியதில்லை.
மாட்டினால் அதற்கும் ஒரு சட்டம் போடவேண்டும்,
அந்தக் கூலியை யார் தருவது.

கேட்பவர்களுக்கு வாயால் சொல்கிறேன்.
சட்டம் அடிக்கணக்கு.
மூலையைச் சாய்த்து அறுக்கையில் விழுகிற
முக்கோணத் துண்டுகளும்
உங்கள் அடியில்தான் சேரும்.
கண்ணாடி சதுர அடி.
அதற்குக் குறைந்தாலும் ஒரு சதுர அடிதான்,
பாஸ்போர்ட் படத்தை நீட்டிப்
பேரம் பேசாதீர்கள்.

"கண்ணாடி மட்டும்தானே மாத்தணும்" என்பார்கள்.
அந்த 'மட்டும்' இருக்கிறதே,
துருவேறிய ஆணி இருபத்திரண்டு.
ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும்,
மரம் பிளக்காமல்.
பின்னட்டைக்குள் காய்ந்த பல்லி,
கரப்பான் முட்டை,
முன்பு செய்தவன் பசைநாடாவில் விட்டுப்போன கைரேகை.
படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால்
நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.
இந்த ஊர் ஈரத்தில்
உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.

நளாயினி என்று ரசீதில் எழுதியது மார்ச்சில்.
கல்யாணப் படம், பதினாறுக்கு இருபது.
இரண்டேகால் சதுர அடியை இரண்டரையாக்கி,
அடிக்கு எட்டு, இருபது வெள்ளி.
கூலி பதினெட்டு.
எல்லோரும் இந்த இடத்தில்
"பேரங்காடியில சட்டத்தோடயே பதினைஞ்சுதானே" என்பார்கள்.
அவள் சொல்லவில்லை.
முப்பத்தெட்டையும் எண்ணி வைத்தாள்,
பெரும்பாலும் ஒற்றை வெள்ளித் தாள்கள்.

மே மாதம் மறுபடி.
"ஆணி கழண்டு விழுந்திருச்சுண்ணே."
விழுந்த படம் எப்படி உடையும் என்று எனக்குத் தெரியும்.
மூலை முதலில் போகும்.
அங்கிருந்து விசிறியாய்க் கோடு ஓடும்.
இது நட்டநடுவில் உடைந்திருந்தது.
மூலைகள் நாலும்
நான் ஒட்டிக் கொடுத்தபடியே.
கூலியில் மூன்று வெள்ளி குறைத்தேன்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது தடவை.
பிளாஸ்டிக் பையில் துண்டுகளையும் கொண்டுவந்திருந்தாள்,
நான் எடைக்கு எடுப்பவன் போல.
மாப்பிள்ளையின் நெற்றியில் கண்ணாடி கிழித்து
உள்ளிருந்த வெள்ளைக் காகிதம் தெரிந்தது.
எனக்குக் கணக்கைத் தவிர வேறு பேச்சு வராது.
"அக்ரிலிக் போட்டுருவோமா?
விலை மூணு மடங்கு, ஆனா உடையாது.
கூலி வேணாம்,
சரக்குக் காசு மட்டும் குடுங்க."

டயர்க்கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
அது நிற்கும்வரை பேசாமல் இருந்தாள்.
"உடையாதது வேணாம்ணே.
ஏழாவது மாடி.
கண்ணாடின்னாதான் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.
அந்த மலாய்க்கார அக்கா
சீனி இருக்கான்னு வந்து கதவத் தட்டுவாங்க.
அவங்க வீட்ல சீனி இல்லாம இல்ல."

இரண்டு மில்லி கண்ணாடி சலசலக்கும்.
மூன்று மில்லி அதிரும்.
மூன்றை எடுத்து வைரமுனையால் கீறி,
மேசை விளிம்பில் வைத்து முறித்தேன்.
அவள் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது.
இரண்டின் விலையையே வாங்கினேன்.
ரசீதில் 'கண்ணாடி மட்டும்' என்று எழுதி
அடியில் என் கைப்பேசி எண்ணை எழுதினேன்,
அது தலைப்பில் அச்சடித்தே இருக்கிறது என்றாலும்.

டிசம்பர் வந்துவிட்டது.
பதினாறுக்கு இருபது ஒன்றை அறுத்து
நாளிதழில் சுற்றிச்
சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.
நேற்று ஒருவர் அதே அளவு கேட்டார்,
புதுத்தாளில் இருந்து அறுத்துக் கொடுத்தேன்.
"அங்க ஒண்ணு சும்மாதானே நிக்குது" என்றார்.
அது விலைக்கில்லை என்றேன்.
வராமல் இருப்பது நல்ல செய்தியா என்று
சதுர அடியில் சொல்ல முடியாது.